நிமாயண்ணனின் கடையைச் சாத்தச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

“…வாசம் ஆகாதுன்னா மூக்கைப் பொத்திக்குங்க, கடையை ஏனுங்க சாத்தச் சொல்றீங்க?”

என் அம்மா இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. கேட்ட இடம், பீளமேட்டுக்குப் பின்னால், பழைய மில்லின் சுற்றுச்சுவர் முடிகிற இடத்தில் தொடங்கும் எங்கள் தெருவில், நிமாயண்ணனுடைய சாப்பாட்டுக் கடை வாசல். கேட்கப்பட்டவர், அந்தக் கடை இருந்த கட்டடத்துக்குச் சொந்தக்காரர். அம்மா வேலை பார்த்த மோட்டார் பட்டறைக்கும் அவர்தான் முதலாளி. தெருவே சுற்றி நின்றது. உள்ளே அடுப்பில் யாரும் கவனிக்காமல் விட்ட வாணலியில் கடுகெண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

கடுகெண்ணெய் காய்கிற வாசம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நல்லெண்ணெய் மாதிரி அது பணிவாக வந்து பக்கத்தில் உட்காராது. தேங்காயெண்ணெய் மாதிரி சொந்தம் கொண்டாடாது. நேராக மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீரை வரவழைத்து, ‘வந்துட்டேன், இப்ப என்னங்கறே?’ என்று கேட்கிற வாசம் அது. முதல் தடவை முகர்ந்தபோது நான் தும்மினேன், என் தங்கச்சி அழுதாள், அம்மா மட்டும் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, “காரமாத்தான் இருக்குது, ஆனா கள்ளத்தனம் இல்லாத வாசம்” என்றாள். அம்மாவுக்கு மனிதர்களையும் பண்டங்களையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிற வழக்கம் உண்டு.

நிமாயண்ணன் எங்கள் ஊருக்கு வந்தது சமைக்க அல்ல. வங்காளத்தில் ஏதோ ஆற்றோரக் கிராமத்திலிருந்து, இரும்பு உருக்கி வார்க்கிற ‘பவுண்டரி’ வேலைக்கு, கூட்டத்தோடு கூட்டமாக ரயிலேறி வந்தவர். ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருந்த அந்த ஆட்களுக்கு நம் ஊர்ச் சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை, இவருக்குச் சமைக்கத் தெரிந்திருந்தது, ஆகவே அறைக்குச் சமைத்தவர் பக்கத்து அறைக்கும் சமைத்து, பிறகு வேலையை விட்டுவிட்டு, ஊரிலிருந்து மனைவி மாலதியையும் வரவழைத்து, ஒற்றை ஷட்டர் போட்ட அந்தக் கடையை வாடகைக்குப் பிடித்தார். நான்கு பெஞ்சுகள், எண்ணெய்த்துணி விரித்த மேசைகள், சுவரில் பத்துக் கையோடு நிற்கிற துர்க்கையின் காலண்டர், அவ்வளவுதான் கடை. வாசலில் ‘பெங்காலி & இண்டியன் மீல்ஸ் ரெடி’ என்று ஒரு போர்டு தொங்கியது. அதைப் படித்துவிட்டு அம்மா, “ஏனுங்க, அப்ப பெங்காலு இண்டியாவுல இல்லீங்களா?” என்று கேட்டாள். நிமாயண்ணன் வெட்கப்பட்டுச் சிரித்து, “போர்டு எழுதுனது உங்க ஊர்க்காருங்க” என்றார்.

அவர் தமிழைப் பட்டறைக்காரர்களிடமும் காய்கறிக்காரியிடமும் கற்றுக்கொண்டவர். எங்கள் பக்கத்து ‘ங்க’ அவர் நாக்கில் அப்படி ஒட்டிக்கொண்டது, கடைக்குள் நுழைகிற நாயைக்கூட “போங்க, போங்க” என்றுதான் விரட்டுவார். அது மரியாதையில் நனைந்து அங்கேயே படுத்துக்கொள்ளும்.

போர்டில் சொன்ன ‘இண்டியன்’ பகுதி, உள்ளூர்க்காரர்களுக்காக அவர் வைத்த சாம்பார், ரசம். அந்தச் சாம்பாரில் ஒரு கை சர்க்கரை விழுந்திருக்கும். “இது சாம்பாருங்களா, பாயாசங்களா?” என்று அம்மா கேட்ட நாளிலிருந்து நாங்கள் பெங்காலிப் பகுதிக்கு மாறினோம், திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா மேட்டுப்பாளையத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டியவர். வீட்டில் இருக்கிற நாட்களைவிட மலையில் இருக்கிற நாட்கள் அதிகம். அம்மா பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் ‘காயில்’ சுற்றுவாள். காலையில் குனிந்த தலை பொழுது சாய்ந்துதான் நிமிரும். சனிக்கிழமை சம்பள நாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “இன்னிக்கு அடுப்புக்கு லீவு, கெளம்புங்க கண்ணுகளா” என்பாள். வீட்டில் அடுப்பை வைத்துக்கொண்டு கடையில் போய் உட்கார்ந்து தின்கிறாள், அதுவும் ஆம்பளை இல்லாமல், அதுவும் ‘இந்திக்காரன்’ கடையில் என்று தெருவில் பேச்சு இருந்தது. அம்மாவின் காதுக்கே ஒருநாள் அது வந்தது. “ஒரு நாளைக்குச் சும்மா கெடந்தா அடுப்பு என்ன துருப்புடிச்சா போகும்? உங்க அடுப்புக்கும் லீவு குடுத்துப் பாருங்க, அதுவும் சந்தோசப்படும்” என்று சொல்லிவிட்டு, எங்கள் கையைப் பிடித்து நடந்தாள். அவர்கள் இந்தி பேசுகிறவர்களில்லை, பெங்காலி பேசுகிறவர்கள் என்பதைத் தெருவுக்கு அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். தெரு கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இப்போதும் வாயூறுகிறது, அதை மறைக்கப் போவதில்லை. தட்டில் சோற்றைக் குவித்து, ஓரத்தில் உப்பு, ஒரு பச்சை மிளகாய், ஒரு துண்டு எலுமிச்சை வைப்பார்கள். முதலில் வருவது கசப்பு. இளம் வேப்பிலையைக் கத்தரிக்காயோடு எண்ணெயில் வறுத்தது. அடுத்தது பருப்பு, பிறகு ஒரு காய், பிறகு கடுகு அரைத்துவிட்ட மீன், கடைசியில் வெல்லம் போட்ட தக்காளிச் சட்னி. இந்த வரிசை எங்களுக்கு யார் சொன்னார்கள்? முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் சட்னியைத் தோசைக்குத் தொடுவதுபோல முதலிலேயே தொட்டு முடித்து, வேப்பிலையையும் பருப்பையும் மீனையும் ஒன்றாகச் சோற்றில் கொட்டிப் பிசைந்து, ஒரு பெரிய கவளமாக உருட்டினோம். சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாலதியக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

“ஒண்ணு ஒண்ணுங்க! ஒண்ணு ஒண்ணு!”

“வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணாத்தானே ஆகப்போகுது?” என்றாள் அம்மா.

“வயிறு வேறுங்க, நாக்கு வேறுங்க.”

அம்மா அந்தப் பதிலை மிகவும் ரசித்தாள். வாரம் முழுக்கப் பட்டறையில் எல்லாரிடமும் சொன்னாள். அதற்குப் பிறகு ‘ஒண்ணு ஒண்ணாகத்தான்’ சாப்பிட்டோம். முள்ளை எடுக்கத் தெரியாத தங்கச்சிக்கு மாலதியக்காவே பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் தடவிப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். மழை பெய்த ஒரு சனிக்கிழமை, அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த ‘கிச்சுரி’ என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு வாய் போட்டதும் அம்மாவுக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு. “அட, இது நம்ம அரிசிம்பருப்புச் சோறுங்க! எங்க ஊட்டுச் சோத்தை உங்க ஊட்டுல ஆரு சொல்லிக் குடுத்தாங்க?” என்று கேட்டு, அடுத்த வாரமே எங்கள் வீட்டு அரிசிம்பருப்பை ஒரு போசியில் போட்டு மாலதியக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். போன பாத்திரம் வெறுமையாகத் திரும்பவில்லை, மீனோடு வந்தது. இப்படி ஒரு போக்குவரத்து ஏற்பட்டுவிட்டது.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, வந்தது. எங்கள் தெருமுனைக் கோயிலில் கம்பம் நடுவார்கள். கிளை விட்ட ஒரு மரத்தண்டுதான். அதை அம்மனின் புருஷனாக நினைத்து, பெண்கள் விடியற்காலையில் குளித்து ஈரச்சேலையோடு குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவார்கள். கம்பம் நட்ட நாள் முதல் பிடுங்குகிற நாள்வரை தெருவில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை நம் ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நிமாயண்ணனுக்கும் யாரும் சொல்லவில்லை. கடைக்கு வருகிற ஒன்றிரண்டு உள்ளூர்க்காரர்கள் வருவதைச் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டார்கள். நோம்பி வேலையில் இருக்கிறார்கள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவருக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஊருக்குள் அம்மன் வந்திருக்கிறாள். மேளம் அடிக்கிறது, வேப்பிலை கட்டியிருக்கிறது, பெண்கள் மஞ்சள் பூசிக்கொண்டு போகிறார்கள். அவருடைய ஊரிலும் அம்மன் வருவாள், பத்துக் கையோடு, பிள்ளைகளோடு, பிறந்த வீட்டுக்கு வருகிற மகளாக வருவாள். மகள் வந்த வீட்டில் நல்ல மீன் வாங்காமல் இருப்பார்களா? அவர்கள் வழக்கத்தில் மீன் இல்லாத கொண்டாட்டம் கொண்டாட்டமே இல்லை. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நிமாயண்ணன் உக்கடம் மார்க்கெட்டுக்குப் போய், இருப்பதிலேயே பெரிய ரோகு மீனைத் தேர்ந்து வாங்கிவந்தார். மாலதியக்கா குளித்துவிட்டுச் சமைத்தாள். அவர் புது வேட்டி கட்டி, நெற்றியில் குங்குமம் இட்டு, கடுகு மணக்கிற மீன் குழம்பை ஒரு பெரிய போசியில் ஊற்றி, வாழையிலையால் மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெரு நடுவே நடந்து கோயிலுக்குப் போய், கம்பத்தின் அடியில் வைத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். போசி உதைபட்டு உருண்டது. நாய்கள் வந்தன. நிமாயண்ணனை இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கடை வாசலில் விட்டார்கள். கோயிலில் பூசாரி மட்டும் பதறவில்லை. மஞ்சள் தண்ணீரைக் கரைத்து கம்பத்தைச் சுற்றித் தெளித்துவிட்டு, “தெரியாம செஞ்சதுக்கு ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, போய் வேலையைப் பாருங்க” என்று சொல்லி, சூடம் காட்டிவிட்டுப் போனார். ஆத்தாளுக்கு இருந்த பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. ஆட்களுக்கு இருந்ததுதான் தீரவில்லை.

முதலாளி கடை வாசலில் வந்து நின்றார். “ஆத்தா கம்பத்துக்கிட்ட மீனைக் கொண்டாந்து வெப்பானா? பொழுது சாயறதுக்குள்ள இவன் காலி பண்ணோணும்.”

“தெரீலீங்க, தப்புங்க. எங்கூர்ல அம்மாவுக்கு மீனுங்க, சந்தோசத்துக்குங்க…” என்று நிமாயண்ணன் கும்பிட்டபடியே நின்றார். மாலதியக்கா கதவோரம், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கடையில்லாவிட்டால் அவர்களுக்குத் தங்கவும் இடமில்லை. கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைதான் வீடு.

கோயில் விஷயமாகத் தொடங்கிய பேச்சு எப்படி மாறியது என்பதை நான் நன்றாகக் கவனித்தேன். ஒருவர், தண்ணீர் லாரி வந்தால் இவர்கள் நாலு குடம் கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்றார். இன்னொருவர், இவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்து சத்தமாகப் பேசுகிறார்கள் என்றார். தெருவில் வாடகை ஏறியது இவர்களால்தான் என்று ஒரு குரல். மீனை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மனதில் வைத்திருந்ததையெல்லாம் கொட்ட அந்த மீன் ஒரு வழி திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அம்மா கூட்டத்தின் பின்னாலிருந்து எங்களை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஏனுங்க, பூசாரியே முடிச்சுப்போட்டாரு. நீங்க எதுக்குங்க இழுக்கறீங்க?”

“நீ ஊட்டுக்குப் போ அம்மணி. ஆம்பளைக பேசிக்கறோம்.”

“ஆம்பளைக பேசுனதைத்தான் இத்தனை நேரம் கேட்டேனுங்க. தண்ணிக் கொடத்துக்கும் ஆத்தாளுக்கும் என்னங்க சம்பந்தம்?”

முதலாளிக்கு முகம் சிவந்தது. “தெனம் தெனம் இந்த வாசம் கொடலைப் புடுங்குது. கொழந்தை குட்டி இருக்கற தெரு.”

“மாசம் பொறந்தா வாடகை வாங்கறீங்களே, அந்த நோட்டுல அடிக்கலீங்களா இந்த வாசம்?”

யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். முதலாளி குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தால் பட்டறையே நடுங்கும். “நாளைக்கு வேலைக்கு வரோணுமா, வேண்டாமா? யோசிச்சுப் பேசு.”

“யோசிச்சுத்தானுங்க பேசறேன். எனக்கு இந்தப் பட்டறை இல்லீன்னா இன்னொரு பட்டறை. இவிங்க எங்கீங்க போவாங்க? வாசம் ஆகாதுன்னா மூக்கைப் பொத்திக்குங்க, கடையை ஏனுங்க சாத்தச் சொல்றீங்க?”

முதலாளி தன் ஆளைத் திரும்பிப் பார்த்து, “கொக்கியை எடுடா, ஷட்டரை இறக்கு” என்றார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துகிறேன். ஏனென்றால், இதை எழுத வைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை அல்ல, போன மாதம் ஒரு கல்யாணம். பந்தியில் எங்கள் பழைய தெருக்காரர்கள் பலர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு நிமாயண்ணன் கடைப்பக்கம் திரும்பியது. “அந்த மாதிரி மீன் கொழம்பு இனி எங்க கெடைக்கும்?” என்றார் ஒருவர். தண்ணீர்க் குடத்தை எண்ணியவர் அவர். “எங்கப்பாதான் எடம் குடுத்து வளத்திவிட்டாரு” என்றார் முதலாளியின் மகன். எல்லாரும் தலையாட்டினார்கள். என்னைப் பார்த்து, “உனக்கு ஞாபகம் இருக்குமே கண்ணு?” என்று வேறு கேட்டார்கள்.

இருக்கிறது. இருக்கிறது என்று அங்கேயே சொன்னேன், யார் யார் என்னென்ன பேசினீர்கள் என்றும் சொன்னேன். பக்கத்திலிருந்த அத்தை, “நல்ல காரியத்துல பழசையெல்லாம் கெளறாதே” என்றார். பழசைக் கிளறியது நானில்லை. வெல்லப்பாகில் முக்கி எடுத்து வைத்தது அவர்கள். எனக்கு அப்படி முக்கத் தெரியாது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கேட்டதைக் கேட்டபடி எழுதத்தான் தெரியும்.

கடை இப்போது இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சாத்தவில்லை, அதற்கப்புறமும் பல வருஷம் சாத்தவில்லை. நிமாயண்ணன் அடுத்தடுத்த நோம்பிகளில் கம்பம் நட்டதும் மீனை நிறுத்திவிட்டு, கிச்சுரியும் கத்தரிக்காய் வறுவலும் போட்டார். அம்மாவுக்குப் பட்டறை வேலை போனது உண்மை. ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டுக் கணபதிப் பக்கம் வேறு பட்டறையில் சேர்ந்தாள், அந்த ஒரு மாதத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. பிறகு ரோட்டை அகலப்படுத்த வந்தபோது கட்டடமே இடிந்தது, நிமாயண்ணனும் மாலதியக்காவும் திருப்பூர்ப் பக்கம் போனார்கள், கொஞ்ச நாள் போனில் பேசினோம், நம்பர் மாறிப்போனது. அந்த இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட ஒரு செல்போன் கடை. நாய்கள் உள்ளே போக முடியாது. பெங்காலிச் சாப்பாடு வேண்டுமென்றால் போனைத் தட்டினால் போதும், பிளாஸ்டிக் டப்பாவில் அழுந்த மூடி வீட்டுக்கு வருகிறது. தெருவில் யாருக்கும் வாசம் தெரிவதில்லை, ஆகவே யாருக்கும் ஆட்சேபணையும் இல்லை. ஆனால் இன்றைக்கும் ஒரு வேலைக்காரக் கூட்டம் பொது அடுப்பில் கடுகெண்ணெயைக் காய வைத்துப் பார்க்கட்டும், அதே பேச்சு அதே வரிசையில் வரும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, முதலாளியின் ஆள் இரும்புக் கொக்கியை எடுத்துக்கொண்டு வந்தான். ஷட்டரின் விளிம்பில் மாட்டினான். மேலே சுருண்டிருந்த தகரம் கிறீச்சென்று ஒரு முழம் இறங்கியது. மாலதியக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா குனிந்து கடைக்குள் போனாள். ஒரு பெஞ்சின் முனையைப் பிடித்துத் தரையில் தேய இழுத்துவந்து, சரியாக ஷட்டர் இறங்குகிற கோட்டில், பாதி கடைக்குள்ளும் பாதி தெருவிலுமாகக் குறுக்கே போட்டாள். என்னை ஒரு பக்கம், தங்கச்சியை ஒரு பக்கம் உட்கார வைத்து, நடுவில் தான் உட்கார்ந்தாள்.

“மாலதி, சோறு போடுங்க. மீனு வேண்டாம், நோம்பி முடியட்டும். பருப்பு இருந்தாப் போதும்.”

மாலதியக்கா மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து எங்கள் மடியில் வைத்தாள். சோறு ஆவி பறந்தது. எங்கள் பக்கத்தில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டவரை, பகையாளியானாலும், எழுப்ப மாட்டார்கள். எழுப்பியவன் வீட்டில் அதற்கப்புறம் யாரும் கை நனைக்க மாட்டார்கள். கொக்கி பிடித்தவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி தெருவைப் பார்த்தார். தெரு எங்கள் தட்டுகளைப் பார்த்தது.

“ஏனுங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க?” என்றாள் அம்மா, விருந்துக்கு வந்த ஒறம்பரையைக் கேட்பதுபோல. “வாங்க, நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க.”

யாரும் அசையவில்லை. அம்மா சோற்றைப் பிசைந்தாள். பட்டறையில் மணி அடிப்பதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவள், அன்றைக்கு ஒவ்வொரு வாயையும் மென்று, மென்று, நிதானமாக விழுங்கினாள். தட்டு காலியானதும் அதை மாலதியக்காவிடம் நீட்டி, இன்னொரு கரண்டி சோறு கேட்டாள்.